முள்ளில்லாத வாட்ச்

1

"நாட்டு டைம் வைக்கணுமா, இவிடத்த டைம் வைக்கணுமா, சேட்டா?"

கடைக்கார மலையாளி சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்று ஏறிவிட்டது. "ஒன்னும் வைக்க வேணாம், கைய எடு, அப்டியே குடு" என்று கத்திவிட்டேன். கடையில் இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பாவம், அந்த மனுஷர் என்ன தப்பு செய்தார்? வாட்ச் விற்கிறவர் கேட்கவேண்டிய கேள்வியைத்தான் கேட்டார். இதே கேள்வியைப் போன வருஷம் யாராவது என்னைக் கேட்டுத் தொலைத்திருந்தால், பழவேற்காடு ஏரியில் பதினாலு பெண்கள் முப்பத்தாறு நாள் தண்ணீரில் கால் வைக்காமல் விறகு ஒடிக்கப் போயிருக்க வேண்டியதில்லை. அதில் ஒருத்தி என் மனைவி கன்னியம்மா.

நேற்றோடு நான் துபாய்க்கு வந்து ஏழு வருஷம் ஆகிறது. வெள்ளிக்கிழமை லீவு. மற்றவர்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரே மாதிரி இரண்டு வாட்ச் வாங்குவதற்காக வெயிலில் பஜாருக்கு நடந்து போனேன். ஒன்று போதாதா, எதற்கு இரண்டு என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அதற்கு முன்னால் ஊரில் என்னைப் பற்றி உலவுகிற ஒரு கட்டுக்கதையை உடைக்க வேண்டும்.

2

"எல்லப்பன் துபாய்ல கம்ப்யூட்டர்ல கீறான்" என்று பழவேற்காடு கடைத்தெருவில் பேச்சாம். அதை நான் கிளப்பிவிடவில்லை. ஆனால் இல்லையென்று ஒரு வரி எழுதவும் இல்லை, அது என் தப்பு. உண்மை இதுதான்: ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் அறையைப் பெருக்குகிறேன். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு டீ கொண்டுபோய் வாசலில் வைக்கிறேன். உள்ளே கொண்டுபோகக் கூடாது, மிஷினுக்கு ஆகாதாம்.

அந்த அறைக்குள் போக வேண்டுமானால் செருப்பைக் கழற்றிவிட்டு வேறொரு துணிச் செருப்பு போட வேண்டும். முதல் நாள் எனக்கு ஒரே ஆத்திரம். ஊரில் வலைக்காரர் தெருவில் செருப்பைக் கழற்றச் சொன்னால் காரணம் எனக்குத் தெரியும், சொல்கிறவனுக்கும் தெரியும். இங்கே காரணம் தூசியாம். மேனேஜரும் கழற்றுகிறார் என்று பார்த்த பிறகுதான் மனசு ஆறியது.

பெயர் விஷயம் இன்னும் கொடுமை. வந்த புதிதில் ஃபாரம் எழுதினபோது 'எல்லப்பன், தகப்பன் பெயர் முனுசாமி' என்று கொடுத்தேன். கம்ப்யூட்டரில் ஏற்றினவர் கடைசியில் எது இருக்கிறதோ அதுதான் பெயர் என்று எடுத்துக்கொண்டார். சம்பளச் சீட்டு, விசா, மெடிக்கல் கார்டு எல்லாவற்றிலும் நான் முனுசாமி. ஏழு வருஷமாக ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் சொல்லிப் பார்க்கிறேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் மாறுகிறார், பதில் மாறவில்லை. "கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது." சரிதான், என் பேர் எனக்குத் தெரியாமல் போய்விட்டது போலிருக்கிறது! ஒரே ஒரு ஆறுதல். எங்கள் நைனாவை அவர் உயிரோடு இருந்தவரைக்கும் ஏரிக்கரையில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'டேய்'தான். இப்போது கோட்டு போட்ட அதிகாரி "மிஸ்டர் முனுசாமி" என்று கூப்பிடும்போதெல்லாம் நான் அவருக்காக எழுந்து நிற்கிறேன்.

பேச்சிலும் இப்படித்தான். யாராவது கூப்பிட்டால் வாயில் தன்னால் வருவது "இன்னா?" எங்கள் ஆபீஸில் எகிப்துக்காரக் கணக்கர் ஒருவர் இருக்கிறார். முதல் வாரம் அவர் கூப்பிட, நான் "இன்னா, இன்னா?" என்று ஓட, அந்த மனுஷர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முகம் வெளுத்து, யார் செத்தது என்று கேட்டார். சாவுச் செய்தி கேட்டால் முஸ்லிம்கள் சொல்லும் துவாவும் 'இன்னா' என்றுதான் ஆரம்பிக்கும். பழவேற்காட்டில் பாய் வீட்டுச் சாவுகளில் நானே கேட்டிருக்கிறேன். ஆனாலும் நாக்கு கேட்டால்தானே?

3

இப்போது ஏரிக்கு வருகிறேன்.

எங்கள் ஏரியில் மீன் எங்கே இருக்கிறது என்பதைவிட, அந்த இடம் இன்றைக்கு யாருடையது என்பதுதான் முக்கியம். வலைக்காரர்கள் சீட்டு எழுதிப் போட்டு, இன்ன நாள் இன்ன இடம் இன்னாருக்கு என்று முறை பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர் பாடு. எங்கள் ஜனத்துக்கு வலையும் கிடையாது, தோணியும் கிடையாது, அதனால் பாடும் கிடையாது. நாங்கள் படும் பாடு மட்டும்தான் உண்டு. எங்கள் பெண்கள் முழங்கால் தண்ணீரில் மண்டிபோட்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பிடித்ததைப் போடும் ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொள்ள வேண்டும். பல்லில் பறி இருக்கும்வரை பேச முடியாது. கரையிலிருந்து எவன் எதைச் சொல்லித் திட்டினாலும் எங்கள் பெண்கள் பதில் பேசமாட்டார்கள், அடக்கமான பெண்கள் என்று வெளியூர்க்காரர்கள் மெச்சுவார்கள். அடக்கமாவது மண்ணாவது! வாயைத் திறந்தால் பறி போய்விடும், அவ்வளவுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதில் ஒரு தகராறு முற்றி, பொன்னேரியிலிருந்து ஓர் அதிகாரி வந்து சமாதானம் பேசினார். கைப்பிடிக்காரப் பெண்கள் விடியற்காலையிலிருந்து ஒன்பது மணி வரைக்கும் தடவலாம், அதற்குப் பிறகு வலைக்காரர் இறங்குவார்கள் என்று காகிதத்தில் எழுதி இரண்டு பக்கமும் கைநாட்டு வாங்கினார். எங்கள் பரம்பரையில் முதல் தடவையாக ஒரு காகிதம். கன்னியம்மா மற்ற பதிமூன்று பேருக்கும் முன்னால் நின்று கட்டைவிரல் வைத்தாள்.

ஆனால் ஒன்பது மணி என்பதை யார் சொல்வது? கரையில் வாட்ச் இருந்தது ஒரே ஆளிடம்: வலைக்காரர் தலைவரிடம். சாவி கொடுக்கிற பழைய வாட்ச். அவர் கரையில் நின்று மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்து "ஆச்சு, ஏறுங்கம்மா" என்பார். ஏறிவிட வேண்டும். நாள் ஆக ஆக ஒன்பது மணி சீக்கிரம் சீக்கிரமாக வர ஆரம்பித்தது.

கன்னியம்மாவுக்கு எழுதத் தெரியாது. காசிம் பாய் கடையில் டேப் ரெக்கார்டர் உண்டு. அதில் பேசி கேசட்டை அனுப்புவாள். பாயின் தம்பி இங்கேதான் கடை வைத்திருக்கிறார். மகள் தேவகி பேரை வைத்துத்தான் என்னைக் கூப்பிடுவாள். ஒரு கேசட்டில் சொன்னாள்:

"தேவகி நைனா, எனுக்கு ஒரு வாச்சு வேணும். முள்ளு வச்சது வேணாம். முள்ளு பாக்க எனுக்குத் தெரியாது. நம்பரா எழுதிக்கினே வருதாமே, பாய் பையன் கையில பாத்தேன், அது வேணும். பஸ்ஸு நம்பர் படிக்கிறவளுக்கு அது படிக்கத் தெரியாதா? இன்னொன்னு. முள்ள யார் வேணா திருப்பிக்கலாம். நம்பர எவன் திருப்புவான்? நம்பர் பொய் சொல்லாது."

கேட்டீர்களா? இங்கே ஜன்னல்காரர் சொல்வதும் அங்கே என் மனைவி சொல்வதும் ஒரே பேச்சு. நான் அதைக் கேட்டுச் சிரித்தேன். மறுநாளே பிளாஸ்டிக் வார் வைத்த, மணிக்கு மணி பீப் பீப் என்று கூவுகிற வாட்ச் ஒன்றை வாங்கினேன். டைம் வைத்தேன். நொடி பிசகாமல் வைத்தேன். ஆபீஸ் சுவரில் இருக்கும் பெரிய கடிகாரத்தைப் பார்த்து வைத்தேன்.

துபாய் ஆபீஸ் சுவரில் இருக்கும் கடிகாரத்தை.

4

இந்த ஊர் நேரம் நம் ஊர் நேரத்துக்கு ஒன்றரை மணி பின்னால். இது எனக்குத் தெரியாதா? ஏழு வருஷமாகத் தெரியும். தெரிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது, கை வேலை செய்யும்போது மூளை ஊரில் போய் உட்கார்ந்திருந்தால்?

காசிம் பாயின் தம்பி பெட்டியில் வாட்ச் ஊருக்குப் போனது. கன்னியம்மா அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சிட்டு, தாலிக்கயிற்றுக்குப் பக்கத்திலேயே கழுத்தில் கட்டிக்கொண்டாள். முதல் நாள் தலைவர் கரையில் நின்று "ஒம்பது ஆச்சு, ஏறுங்க" என்றார். கன்னியம்மா பையைத் தூக்கிப் பார்த்தாள். வாட்சில் ஏழு.

நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்? வாட்ச் கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள். சூரியன் எங்கே நிற்கிறது என்று அண்ணாந்து பார்ப்பீர்கள். அவளும் பார்த்தாள். பார்த்துவிட்டு, பறியை வாயிலிருந்து எடுத்து, பதிமூன்று பேரிடமும் சொன்னாளாம்: "பாத்தீங்களாடி? ரெண்டு மணி நேரம்! இத்தினி நாளா நம்மகிட்டருந்து ரெண்டு மணி நேரத்த முழுங்கிக்கினு இருந்திருக்காங்க. இதான்டி நெஜமான ஒம்பது மணி!"

சூரியன் உச்சிக்கு ஏறுகிற நேரம்தான் உண்மையான ஒன்பது மணி, இதுவரைக்கும் பார்த்ததெல்லாம் வலைக்காரர்களுடைய ஒன்பது மணி என்று பதினாலு பேரும் நம்பிவிட்டார்கள். பைத்தியக்காரிகள் என்று சொல்லத் தோன்றுகிறதா? வாழ்நாள் பூராவும் அளவில் ஏமாந்தவர்களுக்கு, எவ்வளவு பெரிய திருட்டைச் சொன்னாலும் நம்பும்படிதான் இருக்கும்.

அன்றைக்கும் மறுநாளும் வாடைக்காற்று பலமாக இருந்ததால் வலைக்காரர் தோணி எடுக்கவில்லை. பெண்கள் வாட்சில் ஒன்பதாகி பீப் சத்தம் வரும்வரைக்கும் தடவினார்கள். பறி நிறைந்தது. மூன்றாம் நாள் காற்று தணிந்து தோணிகள் வந்தன. "ஏறுங்க" என்றார்கள். "இன்னும் மணி ஆவல" என்றாள் இவள். பேச்சு முற்றியது. இரண்டு பேர் தண்ணீரில் குதித்துப் பறிகளைப் பிடுங்கி மிதித்தார்கள். இறால் எல்லாம் வந்த வழியே போய்விட்டது.

சாயங்காலம் சபை கூடியது. தலைவருடைய வாட்சையும் கன்னியம்மாவின் வாட்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். சரியாக இரண்டு மணி நேரம் வித்தியாசம். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "துபாய் வாச்சு துபாய்லதாம்மா வேல செய்யும்" என்றாராம் ஒருவர். வேடிக்கையாகச் சொன்னார், ஆனால் பாருங்கள், அங்கே இருந்தவர்களில் அவர் ஒருத்தர்தான் சரியாகச் சொன்னவர். தலைவர் தீர்ப்புச் சொன்னார்: ஒப்பந்தத்தை மீறியாச்சு. கன்னியம்மா சபையில் நின்று, வாட்ச் பொய் என்று சொல்லி மன்னிப்பு கேட்கிறவரைக்கும் பதினாலு பேரும் அந்த இடத்தில் இறங்கக் கூடாது.

கன்னியம்மா கேட்கமாட்டேன் என்றுவிட்டாள். இத்தனையும் அடுத்த கேசட்டில் வந்தது. கடைசியில் இப்படி முடித்திருந்தாள்: "எல்லாரும் வெறகு ஒடிக்கப் போறாளுங்க. என்னத் திட்டறாளுங்க. திட்டட்டும். எங்க ஊட்டுக்காரர் கம்ப்யூட்டர் பக்கத்துல நின்னு வச்சு அனுப்பின டைமு, அது பொய் சொல்லாதுன்னு நான் சொல்லிட்டேன். உசுரே போனாலும் மன்னிப்பு கேக்க மாட்டேன்."

நான் டேப்பை நிறுத்திவிட்டேன்.

5

அதே வாரம் என் மகள் தேவகியின் கடிதமும் வந்தது. பொன்னேரியில் ஹாஸ்டலில் தங்கி ஒன்பதாவது படிக்கிறாள். 'டியர் டாடி' என்று ஆரம்பிப்பாள். நைனா போய் அப்பா வந்து, அப்பா போய் டாடி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அம்மா என்ன வேலை செய்கிறாள் என்று ஹாஸ்டலில் யாருக்கும் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும். கேட்டால், "அவங்க கேக்கல, நான் சொல்லல" என்பாள். படிக்க வைத்தால் பதில் சொல்லக் கற்றுக்கொள்கிறார்கள், நம்மிடமே முதலில் சொல்லிப் பார்க்கிறார்கள்.

கடிதத்தில் எழுதியிருந்தாள்: "டியர் டாடி, எனக்கு ஒரு சந்தேகம். ஜியாகரபி புக்கில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். துபாய்க்கும் இந்தியாவுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். சபையில் பார்த்தது இரண்டு மணி நேரம். மீதி அரை மணி நேரம் எப்படி வந்தது? நீங்கள் தப்பாக வைத்தீர்களா? அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நான் சொன்னால் திட்டுவாள். நீங்களே சொல்லுங்கள். கம்ப்யூட்டர் கோர்ஸ் படிக்க ஆசை. கம்ப்யூட்டருக்கு ஜாதி தெரியாது என்று டீச்சர் சொன்னார்கள்."

எடுத்த எடுப்பில் அந்தக் கடைசி வரிக்குத்தான் கோபம் வந்தது. கம்ப்யூட்டருக்கு ஒன்றும் தெரியாதம்மா. என் பேர்கூடத் தெரியாது. ஏற்றுகிறவனுக்கு என்ன தெரியுமோ அதுதான் அதற்குத் தெரியும். தினமும் அதைச் சுற்றிப் பெருக்குகிறவன் சொல்கிறேன் என்று எழுத ஆரம்பித்து, கிழித்துப் போட்டேன். ஆசைப்படுகிற பிள்ளையின் வாயில் மண்ணைப் போடுவானேன்?

அந்த அரை மணி பிறகுதான் மண்டையில் ஏறியது. நான் வைத்த நேரம் துபாய்க்கு நொடி பிசகாத நேரம். ஒன்றரை மணி என் பிழை. மீதி அரை மணி என்னுடையது இல்லை. அப்படியென்றால் அது தலைவருடைய மணிக்கட்டில்தான் இருக்கிறது. கன்னியம்மா சொன்னது முழுசும் சரியில்லை, முழுசும் தப்பும் இல்லை. திருட்டு நடந்திருக்கிறது, இரண்டு மணி இல்லை, அரை மணி.

ஆனால் அந்த அரை மணியைச் சொல்ல வேண்டுமானால் முதலில் என் ஒன்றரை மணியைச் சொல்ல வேண்டும். உசுரே போனாலும் என்று ஊருக்கு முன்னால் நின்றவளிடம், நின்றது என் முட்டாள்தனத்தின் மேல் என்று எப்படிச் சொல்வது? ஒன்பது நாள் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது எழுதுவதற்கு. அந்த ஒன்பது நாளும் பதினாலு பேர் விறகு ஒடித்தார்கள். பத்தாம் நாள் கேசட்டில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எந்தப் பித்தானை அமுக்க வேண்டும் என்பதையும் சொன்னேன்: கீழே இடது பக்கம், நம்பர் மினுக்கும் வரைக்கும்.

6

பதில் வந்தது. முதல் கால் மணி நேரம் திட்டு. எல்லாவற்றையும் இங்கே எழுத முடியாது.

"அட பாவி மனுசா, ஒரு பித்தானாம், அமுக்கினா சரியாப் போயிருக்குமாம். ஏழு வருசமா அந்த மிசினு பக்கத்துல நின்னுக்கினு கீற, இது தெரியலியா ஒனுக்கு? பெருக்கத்தான் போனியா?"

ஆமாம், பெருக்கத்தான் வந்தேன் என்று டேப்புக்குப் பதில் சொன்னேன்.

பிறகு குரல் மாறியது. லீவுக்கு வந்திருந்த தேவகியைக் கூட்டிக்கொண்டு, ஜியாகரபி புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு சபைக்குப் போயிருக்கிறாள். ஹாஸ்டலில் அம்மாவை மறைத்த பெண், சபையில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று பக்கத்தைப் பிரித்துப் படித்தாளாம். கன்னியம்மா பேசினது இது:

"எம் வாச்சு ஒன்ற மணி தப்பு. எங்க ஊட்டுக்காரர் பண்ண தப்பு. சபையில ஒத்துக்கறேன், மன்னிச்சுக்கோங்கன்னேன். ஆனா ரெண்டு வாச்சுக்கும் நடுவுல ரெண்டு மணின்னு எண்ணிச் சொன்னது நீங்கதானே? ஒன்ற மணி எங்குது. என்னுத நான் சொல்லிட்டேன். மீதி அர மணி யாருது, அவுங்க சொல்லட்டும்னேன்."

தலைவர் தன் வாட்சைத் திருப்பிப் பார்த்தாராம். "பழைய வாச்சும்மா. கொஞ்சம் வேகமா ஓடியிருக்கும்" என்றாராம்.

"ஓடட்டும் தலைவரே. ஆனா எப்பவும் முன்னாலயே ஓடுதே, ஒரு நாளாவது பின்னால ஓடக்கூடாதா?"

வலைக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்துவிட்டாளாம். அந்தச் சிரிப்பில்தான் தீர்ப்பு மாறியது. மறுநாளிலிருந்து இறங்கலாம் என்றார்கள். பறியை மிதித்ததற்கு யாரும் மன்னிப்பு கேட்கவில்லை. அது அப்படித்தான், அவர்கள் பக்கத்துத் தப்புக்குப் புத்தகம் கிடையாது. எழுந்து போகும்போது தலைவர் இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனார்: "ஆனா ஒன்னு, மணி சொல்ற ஊர் வாச்சு எங்குதுதான்."

அதனால்தான் இரண்டு வாட்ச்.

"ரெண்டு வாங்கினு வா," என்றாள் கன்னியம்மா. "ஒரே மாதிரி. ஒன்னு எனுக்கு, ஒன்னு தலைவருக்கு."

எனக்குத் தலைக்கு மேல் கோபம். பறியை மிதித்த ஊருக்கு நான் சீர் செய்ய வேண்டுமா? அவள் பேசினது டேப்பில்தான், நான் கத்தினது அவளுக்குக் கேட்காது. ஆனால் என்னை அறிந்தவள் இல்லையா, அடுத்த வாக்கியத்திலேயே பதில் இருந்தது.

"கத்தாத. குடுக்கறது அவருக்கு இல்ல, அவர் கைக்கு. துபாய் வாச்சுன்னா அந்தப் பழசக் கழட்டிக் கடாசிடுவாரு, நாலு பேர்கிட்ட காட்டுவாரு. அப்பறம் கரையில நின்னு அவர் பாக்கற டைமு யார் வச்ச டைமு? நீ வச்சது. தேவகி நைனா, இந்தவாட்டியாவது ஒழுங்கா வை."

7

ஆகவே பஜாரிலிருந்து இரண்டையும் கொண்டுவந்து கட்டிலில் வைத்தேன். டிரான்சிஸ்டரில் நம் ஊர்ச் செய்தியைத் தேடிப் பிடித்தேன். மணியடிக்கும் சத்தத்துக்குக் காத்திருந்து, இரண்டு கட்டைவிரலாலும் ஒரே நேரத்தில் அமுக்கினேன். அறைச் சுவரில் துபாய் நேரம் காட்டும் கடிகாரம் என்ன சொல்கிறது என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அமுக்கும் முன்னால் ஒரு எண்ணம் வந்ததை மறைக்க மாட்டேன். இரண்டையும் கால் மணி பின்னால் வைத்துவிட்டால் என்ன? யாருக்குத் தெரியப்போகிறது? தலைமுறை தலைமுறையாகப் போன நேரத்தில் கால் மணி என்ன பெரிசு? ஆனால் 'என்னுத நான் சொல்லிட்டேன்' என்று சபையில் நின்றவளின் வாயை மறுபடியும் அடைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. சரியாகத்தான் வைத்தேன்.

அடுத்த மணி வரும்வரைக்கும் உட்கார்ந்திருந்தேன், இரண்டும் சேர்ந்து கூவுகிறதா என்று பார்க்க. ஒன்று பீப் பீப் என்றது. மற்றது ஒரு நொடி கழித்துத்தான் கூவியது. ஒரே கம்பெனி, ஒரே பெட்டி, அமுக்கினதும் ஒரே ஆள். அப்படியும் ஒரு நொடி! எந்தக் கட்டைவிரல் பிந்தியதோ தெரியவில்லை.

சரிசெய்யலாம் என்று பித்தானில் விரலை வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். முந்திக் கூவினதைத் தலைவருக்கு என்று காகிதத்தில் சுற்றினேன். பிந்திக் கூவினதைக் கன்னியம்மாவுக்கு எடுத்து வைத்தேன். அவருக்கு ஒன்பது ஆன பிறகு அவளுக்கு ஒரே ஒரு நொடிதான். சேற்றில் கை இருக்கும்போது அதற்குள் ஒரு இறால் மாட்டாதா என்ன?